ராசண்ணன் தரையில் போட்ட கோடு

ஜீப்பு அடிவார ஊரான முந்தலைத் தாண்டி மலையேறத் தொடங்கியபோது ராசண்ணன் மகள் செல்வியின் அழைப்பு வந்தது. "சார், அப்பா காலையில எந்திரிக்கவே இல்ல" என்றாள். "தகடு எதுவும் சரிஞ்சிருச்சாம்மா?" என்று கேட்டேன். தூக்கத்திலேயே போய்விட்டார் என்றாள். முதல் கொண்டை ஊசி வளைவிலேயே இறங்கி, போடிக்குத் திரும்பும் பஸ்சைப் பிடித்தேன்.

ஏன் அப்படிக் கேட்டேன் என்பதை அவரை அறிந்த உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களுக்குப் புகைக்குழாயும் தட்டும் செய்துகொடுத்த ராசண்ணனின் பட்டறைக்கு உங்களில் பலர் போயிருப்பீர்கள். அவர் எதையும் நம்பியதில்லை. தோல் கையுறையை ஒவ்வொரு நாளும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். இரண்டு பேர் தகட்டைத் தூக்கினால், கைவிட்டால் எந்தப் பக்கம் விலகுவது என்று முதலிலேயே இருவரிடமும் கேட்பார். "வெட்டுன தகடு கத்தி, வாத்தியாரே. கத்திக்காச்சும் ஒரு பிடி இருக்கு" என்பார்.

ஊர் அதிகம் பேசியது அந்தக் கோட்டைப் பற்றித்தான். படுக்க வைக்க இடமில்லாத நீளத் தகடுகளைச் சுவரோரம் சாய்த்து நிறுத்தியிருப்பார். அவற்றின் அடியை ஒட்டித் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு இழுப்பார். வேலைக்குத் தகடு எடுத்ததும் பழையதை அழித்துப் புதிதாக இழுப்பார். சாக்பீஸ் பெட்டி வாங்கிக் கொடுத்தது நான்தான். யாராவது ஒரு தகட்டை உருவினால் கோட்டுக்கும் அடுக்குக்கும் நடுவே இடைவெளி தெரியும். திருட்டைப் பிடிக்கத்தான் கோடு என்று எல்லோரும் நினைத்தார்கள். கணக்கு வாத்தியாரான நானும் அப்படித்தான் நினைத்தேன். நாலு இடத்தில் சொல்லியும் இருக்கிறேன்.

பதினைந்து வருடம் அவரிடம் வேலை பார்த்த முருகனை அது உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் டீக்கடையில் ஒருவர், "என்ன மாப்ளே, இன்னைக்குக் கோட்டத் தாண்டலையா?" என்று சிரித்தார். முருகன் டீயை வைத்துவிட்டு எழுந்தவர், தேவாரம் ஊரில் வேறு பட்டறையில் சேர்ந்துவிட்டார். ராசண்ணன் அவரைத் தடுக்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் வீட்டுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி மூடி செய்யச் சொல்லப் பட்டறைக்குப் போனேன். கோட்டைக் காணோம். குனிந்து பார்த்தால், தகடுகளுக்கு அடியிலிருந்து அதன் நுனி எட்டிப் பார்த்தது. திருடு போனால் இடைவெளி அல்லவா விழ வேண்டும்? கோட்டை மூடிக்கொண்டு அடுக்கே முன்னால் வந்திருக்கிறதே என்று கேட்டேன். அவர் என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். தகடுகளுக்கு அடியில் கிடந்த மரச்சட்டம் ஈரத்தில் ஊறி வழுக்கி, மொத்த அடுக்கும் இஞ்ச் இஞ்சாக நகர்ந்துகொண்டிருந்தது. பக்கவாட்டில் நின்றபடியே சங்கிலி போட்டு இறுக்கினார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"அடுக்கு நகருதான்னு பாக்கத்தான் கோடு. வழுக்கும்னு சொன்னா, எங்களுக்குத் தெரியாதான்னு அதுக்கு முன்னாலயே நிப்பானுங்க. திருட்டுப் பட்டம் வரும்னா எட்ட நிப்பானுங்க. எம்பேரு கெட்டாக் கெட்டுட்டுப் போகுது. யார்ட்டயும் சொல்லிறாதீக."

நான் சொல்லவில்லை. முருகனிடமாவது சொல்லியிருக்க வேண்டும்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முருகன் வந்திருந்தார். வீட்டுக்குள் வராமல் தெருவிலேயே நின்றார். பந்தலில் செல்வி பட்டறை ஆட்களிடம், நாளை பட்டறையைத் திறந்ததும் அந்தக் கோட்டை அழித்துவிடச் சொல்லிக்கொண்டிருந்தாள். இனி யாரையும் சந்தேகப்பட வேண்டாம் என்றாள். அப்பாவின் பெயரில் ஒட்டிய அழுக்கைத் துடைப்பதாக நினைத்தாள் பாவம். இதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. அவளையும் முருகனையும் அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"இத எங்கிட்டச் சொல்லிருந்தா நானே போட்டுருப்பேனே சார் கோட்ட" என்றார் முருகன்.

அப்போதே மூவரும் போய்ப் பட்டறையைத் திறந்தோம். பதினாறு நாள் மழைக்குக் கூரை ஒழுகியிருந்தது. கோட்டைக் காணோம். செல்வி அருகே போகக் கால் எடுத்தாள். "ஆத்தா, எட்ட நில்லு" என்றார் முருகன். அவரே பக்கவாட்டில் போய்ச் சங்கிலியை இறுக்கினார்.

மறுநாள் முருகனும் ஆட்களும் அடுக்கைப் பிரித்து, புதுச் சட்டம் வைத்து, இரும்புத் தாங்கி அடித்தார்கள். வேலை முடிந்ததும் முருகன் கோடு இழுத்தார். அது எதற்கு என்று புதிதாக வந்த ஆட்களை வரிசையாக நிறுத்திச் சொன்னார்.

மிச்சமிருந்த சாக்பீஸ் பெட்டியைச் செல்வி என்னிடம் நீட்டினாள். ஒன்றை எடுத்துக்கொண்டு பெட்டியை முருகனிடம் கொடுத்தேன். இப்போதெல்லாம் எங்கே எது சாய்ந்திருந்தாலும் என் கண் முதலில் அதன் அடிக்குத்தான் போகிறது. அந்தச் சந்தேகத்தை ராசண்ணனிடமிருந்து எடுத்துக்கொண்டேன். பார்த்ததைப் பக்கத்தில் நிற்பவரிடம் வாய்விட்டுச் சொல்வதை மட்டும் நானாகச் சேர்த்துக்கொண்டேன்.