பேசவும்

பேனா மூடியைப் பல்லால் கழற்றியபடி ஜெயஸ்ரீ கோப்பின் ஓரத்தைத்தான் முதலில் பார்ப்பாள். அன்று அங்கே ‘பேசவும்’ என்றிருந்தது. அதிகாரி ஆனந்தகுமாரின் கையெழுத்து. பூகம்பமே வந்தாலும் அதன் ஓரத்தில் ‘பேசவும்’ என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போகிறவர் அவர். எழுதியதை மாற்று, எப்படி என்று நேரில் வந்து கேள், நான் சொன்னதாக எங்கும் இருக்காது என்று பொருள். தேனாம்பேட்டையில் அந்த மாநகராட்சி அலுவலக வாசலில் படுத்திருக்கும் நாய்க்கும் அது தெரியும்.

ஜெயஸ்ரீ அங்கே கண்காணிப்பாளர். ஆட்சிகள் போகும்; அவள் நாற்காலியில் கிடக்கும் பூத்துவாலை போகாது. மந்திரிகளுக்குத் தெரியாத சட்டமெல்லாம் அவளுக்கு அத்துப்படி. “ரூல்ஸ் ரப்பர் மாதிரி சார். எவ்ளோ வேணும்னு சொல்லுங்க, இழுத்துடலாம்” என்பாள்.

இந்த முறை மட்டும் இழுக்காமல் எழுதியிருந்தாள். தி.நகர் நடைபாதையில் வளையல் விற்கும் அஃப்சருன்னிசாவிடம் வியாபாரி அட்டை இருக்கிறது, மாற்று இடம் தராமல் அகற்றக் கூடாது என்று. பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் ஜெயஸ்ரீக்கு முக்காலி போடுகிறவள் அந்த அஃப்சருன்னிசாதான்.

உள்ளே போனாள். புதிய நகைக்கடை வாசல் ‘க்ளியரா’ இருந்தால் நல்லது என்று வேண்டியவர்கள் நினைப்பதாக ஆனந்தகுமார் ஜன்னலிடம் சொன்னார். யார் அந்த வேண்டியவர்கள் என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

“நான் ஒண்ணும் சொல்லலைம்மா. நீங்க சீனியர், பார்த்துப் பண்ணுங்க.”

அவளுடைய பதவி உயர்வு அவர் மேசைமேல்தான் கிடந்தது. அதைப் பற்றியும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பழைய தாள் கிழிந்தது. புதுத் தாளில் ‘பாதசாரிகளுக்குப் பேரிடையூறு’ என்று எழுதினாள். அன்று மதியம்வரை உலகத்தில் அப்படியோர் இடையூறு இருந்ததில்லை.

நடைபாதைக் கடைகளை அள்ள லாரி வந்த மாலையிலும் ஜெயஸ்ரீ அந்த முக்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். வேறு எங்கே போவாள், பஸ் அங்கேதானே வரும்? அஃப்சருன்னிசா ஓடிவந்து வளையல் பெட்டியை அவள் மடியில் வைத்தாள்.

“மேடம், நீ கவர்மென்ட்டு. உன் கைல கீதுன்னா தொட மாட்டானுங்க. இத்த மட்டும் பாத்துக்கினு இரு.”

சொல்லிவிட்டு, மிச்சத்தைக் காப்பாற்றப் பாய்ந்தாள்.

லாரியிலிருந்து இறங்கிய ஆய்வாளர் ஜெயஸ்ரீயைப் பார்த்து வணக்கம் வைத்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார். வாயைத் திறந்து ஒன்றும் கேட்கவில்லை.

ஜெயஸ்ரீ எழுந்து நின்று, புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டு, பெட்டியை இரண்டு கைகளாலும் அவரிடம் நீட்டினாள்.