எப்போது ஆரம்பிக்கலாம் என்று கேட்டவர்கள்

மருந்துக்கடையில் காய்ச்சல் மாத்திரையை மட்டும்தான் சத்தமாகக் கேட்பார்கள். மற்ற எதற்கும் குரல் தணியும். நாகமலை புதுக்கோட்டையில், தேனி சாலையைப் பார்த்த ஒரு கடையில் நான் பல வருஷமாக மருந்தாளுநர். குரல் எந்த அளவுக்குத் தணிகிறது என்பதை வைத்தே எந்த அலமாரிக்குப் போக வேண்டும் என்று தெரிந்துவிடும்.

இப்போதெல்லாம் நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்கள் வந்து, பக்கத்தில் நிற்கிறவர் போகட்டும் என்று காத்திருந்து கேட்கிறார்கள். மாதவிலக்கு நிற்கப்போகிற காலத்துக்கு ஹார்மோன் மருந்து இருக்கிறதாமே, அதை எப்போது ஆரம்பிக்க வேண்டும் என்று. எனக்கும் நாற்பத்தெட்டு. மார்கழியில் மின்விசிறியை ஐந்தில் வைத்துவிட்டு, வீட்டில் மற்றவர்களின் முனகலைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிற நம் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன்.

இன்சுலின் பெட்டி

எங்கள் கடையில் இன்சுலினுக்கென்று ஒரு குளிர்பெட்டி உண்டு. உடம்புக்குள் யாரோ அடுப்பைத் தூண்டிவிட்டது மாதிரி நெஞ்சிலிருந்து சூடு கிளம்பிக் கழுத்துக்கு ஏறும்போது நான் அதைத் திறந்து, இருப்பைச் சரிபார்ப்பதுபோல நிற்பேன். என் உதவிக்கு இருக்கும் லட்சுமிக்கு முப்பத்தைந்து வயது. முதலில் அவள் நம்பினாள். பிறகு, மருந்தோடு தெர்மகோல் பெட்டியில் வரும் ஜெல் பைகளில் ஒன்றைக் குளிரவைத்து, கேட்காமலேயே என் கையில் திணிக்க ஆரம்பித்தாள்.

ஒருநாள் பெட்டிக்கு முன்னால் கண்ணை மூடி நின்றுவிட்டேன். ஓய்வு பெற்ற ஓவர்சியர் ஒருவர், எங்கள் பழைய வாடிக்கைக்காரர், பொறுமையாகக் காத்திருந்திருக்கிறார். நான் கோவிலுக்குப் போகிறவள் இல்லை, சர்ச்சுக்குப் போகிறவள் என்பது அவருக்குத் தெரியும். கடைசியில் மெதுவாகச் சொன்னார்: "ஜெபம் முடிஞ்சுச்சுன்னா எனக்கு ஒரு இன்சுலின் எடு தாயி."

பால்குடம்

திருவிழாக் காலம் வந்தால் எங்கள் கடையில் ஒரு மாத்திரை வேகமாகத் தீரும். விலக்கைத் தள்ளிப்போடுகிற மாத்திரை. பால்குடம் எடுப்பவர்கள், தீச்சட்டி எடுப்பவர்கள், கல்யாண வீட்டுக்காரர்கள் எல்லோரும் தேதியைச் சொல்லிக் கேட்பார்கள். டாக்டரைப் பார்க்காமல் தர மாட்டேன் என்பதால் பாதிப்பேர் என்னைத் திட்டிவிட்டுப் போவார்கள்.

எழுமலையிலிருந்து பேச்சியம்மாள் வந்தார். விரதத்துக்கு மஞ்சள் சேலை, கையில் காப்பு. என் வயதுதான். போன மாதம் எப்போது வந்தது என்று கேட்டேன். "அது எங்க மாசாமாசம் வருது. மூணு மாசம் ஆளையே காணோம். அப்புறம் வந்தா மதகத் தெறந்துவிட்ட மாதிரி" என்றார். எப்போது வரும் என்று தெரியாத ஒன்றை எந்தத் தேதியிலிருந்து தள்ளிப்போடுவது? இப்படிக் கொட்டினால் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லி டாக்டரிடம் அனுப்பினேன். முறைத்துக்கொண்டே போனார்.

விழா முடிந்து வந்தார். கர்ப்பப்பையில் சின்னக் கட்டி, அதற்கு வைத்தியம் நடக்கிறது. பால்குடம் என்ன ஆச்சு என்று கேட்டேன். "நல்லா எடுத்தேன். மாத்திரையும் போடல, ஒண்ணும் வரவும் இல்ல. வந்தாத்தான் என்ன தாயி, ஆத்தாளுக்கும் நம்ம வயசு இருக்கும்ல, அவளுக்குத் தெரியாதா."

கூடம்

வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் கணவர் சாமுவேல் மிஷன் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியர். ஒரே மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். கல்யாணமான நாளிலிருந்து தூக்கத்தில் அவருடைய கை என் இடுப்பில் கிடக்கும். பாரமான கை. எவ்வளவு கழுவினாலும் சுண்ணக்கட்டி வாசம் போகாத கை. போன வருஷம் அந்தக் கை பட்டால் எனக்குப் பற்றி எரிந்தது. தூக்கத்திலேயே தட்டிவிடுவேன். போர்வையை உதைப்பேன். எழுந்து போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வருவேன். சித்திரை மாதத்தில் அவர் தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக் கட்டிலுக்குப் போனார். சித்திரை முடிந்தது. ஆடியும் முடிந்து மழையும் வந்தது. தலையணை திரும்பி வரவில்லை.

வியாழக்கிழமை எனக்கு விடுமுறை. அவர் பள்ளிக்குப் போனபின் அந்தக் கட்டிலில் போய்ப் படுத்துக்கொள்வேன். தலையணையில் அவர் தேய்க்கும் எண்ணெய் வாசம் இருக்கும். கொஞ்ச நேரத்தில் வேர்த்துவிடும். எழுந்து விரிப்பைச் சரிசெய்து, படுத்த தடம் தெரியாமல் நீவிவிடுவேன். இதை ஒருநாள் எப்படியோ லட்சுமியிடம் சொல்லிவிட்டேன். அவள் ரொம்ப நேரம் அட்டைப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "சார் இருக்கும்போது போய்ப் படுங்கக்கா, அப்பத்தான் அவருக்குத் தெரியும்."

மொட்டை மாடிக்காரர்

செக்கானூரணிப் பக்கம் லாரி வைத்து ஓட்டுகிறவர் ஒருவர், மனைவியின் காலி மாத்திரை அட்டையோடு வந்தார். இது எதுக்குன்னு சொல்லுங்கக்கா, கேட்டா எரிஞ்சு விழுறா என்றார். கடையில் கூட்டம் இல்லை. நிதானமாகச் சொன்னேன். உடம்பில் ஊறுகிற ஒன்று குறைந்துகொண்டே வருகிறது, அதனால் சூடு ஏறுகிறது, தூக்கம் கெடுகிறது, காரணம் இல்லாமல் அழுகை வருகிறது. பக்கத்தில் யார் படுத்தாலும் எரியும். கையைத் தட்டிவிட்டால் அது உங்களை அல்ல, அந்தச் சூட்டை. தொடாமல் பக்கத்தில் இருந்தாலே போதும், பேசினாலே போதும். இதெல்லாம் என் வாயிலிருந்து தண்ணீர் மாதிரி வந்தது.

அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து எடுத்து வைத்தார். போகும்போது சொன்னார்: "அப்ப எம்மேல வெறுப்பு இல்லங்கிறீங்க. இத அவ ஒரு வார்த்த சொல்லியிருந்தா, இம்புட்டு நாளு நான் மொட்ட மாடியில படுத்திருக்க மாட்டேனேக்கா."

அவர் போனபின் லட்சுமி என் முகத்தைப் பார்த்தாள். நான் குளிர்பெட்டியைத் திறந்தேன்.

டாக்டரின் கேள்வி

வாடிப்பட்டியில் இருக்கும் என் அக்காவுக்குச் சில வருஷம் முன்பு மார்பில் புற்றுநோய்க் கட்டி வந்து எடுத்தார்கள். நன்றாக இருக்கிறாள். ஆனாலும் ஹார்மோன் மருந்தால் எனக்கும் அப்படி வந்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டே நான் டாக்டரிடம் போவதைத் தள்ளிவந்தேன். கடைசியில் மதுரைக்குள் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். அக்காவுக்கு எந்த வயதில் வந்தது, குடும்பத்தில் வேறு யாருக்கு, எனக்கு ரத்தம் உறைகிற கோளாறு, ரத்த அழுத்தம் உண்டா என்றெல்லாம் கேட்டார். மார்பைப் படம் எடுத்துவரச் சொன்னார். முடிவுகளைப் பார்த்துவிட்டு, உங்கள் விஷயத்தில் குறைந்த அளவில் ஆரம்பிக்கலாம், கையில் தடவுகிற ஜெல், கூடவே கர்ப்பப்பைக்குப் பாதுகாப்பாக ஒரு மாத்திரை, இடையிடையே வந்து காட்ட வேண்டும் என்றார்.

முழுதாக நின்றபிறகுதானே ஆரம்பிக்க வேண்டும் என்று கேட்டேன். கடையில் மற்றவர்களுக்கு நானே பதில் சொல்கிற கேள்வி அது. அவர் அப்படி இல்லை என்றார். தொந்தரவு தாங்க முடியாத அளவுக்கு இருந்தால் இப்போதே தொடங்கலாம், தாங்கிக்கொள்ள முடிந்தால் விட்டுவிடலாம், அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். உங்களுக்கு எது தாங்க முடியவில்லை?

"தூக்கம் இல்ல டாக்டர்" என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டு, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார்: "தூக்கம் மட்டும்தானா?"

பேராசிரியை

ஜெல்லும் மாத்திரையும் என் கைப்பைக்குள்ளேயே கிடந்தன. ஈஸ்டர் முடியட்டும் என்றேன். மகன் வந்துவிட்டுப் போகட்டும் என்றேன். அக்காவின் மேல் பழி போட இனிமேல் முடியாது. உண்மை வேறு. மருந்து வேலை செய்து, உடம்பு தணிந்து, அப்புறமும் அவர் கூடத்திலேயே படுத்திருந்தால்? அதுவரை எல்லாவற்றுக்கும் சூடுதான் காரணம் என்று சொல்லிக்கொள்ளலாம். சூடு போய்விட்டால் அதைச் சொல்ல முடியாது.

அந்த நாட்களில் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் அம்மாள் ஒருவர் கடைக்கு வந்தார். டாக்டர் சொல்லியும் கேட்காமல், நின்றது உறுதியானபின் மருந்து ஆரம்பிப்பேன் என்று இருந்தவர். ஒரு வருஷம் முழுதாக வராமல் இருந்தால்தான் நின்றது என்று அர்த்தம். வருஷம் முடியப்போகிற நேரத்தில் அவருக்கு மறுபடியும் வந்துவிட்டது. திரும்ப முதலிலிருந்து. "விடியிறதுக்குள்ள மூணு நைட்டி மாத்திட்டு, காலைல போய் வெப்பவியல் எடுக்கிறேன், பிள்ளைங்க முன்னால எனக்கே சிரிப்பு வருது" என்றார். இனிக் காத்திருப்பதில்லை என்று அன்றைக்கு மருந்து வாங்கிக்கொண்டார்.

நீங்கள் போடுகிறீர்களா என்று கேட்டார். எடுத்து வைத்திருக்கிறேன் என்றேன். பையை மூடிக்கொண்டே அவர் சொன்னார்: "எடுத்து வைக்கிறதுக்கு அது என்ன பட்டுச்சேலையா கிரேஸ்?"

முதுகுவலித் தைலம்

ஒருநாள் மத்தியானம் வங்கிக்குப் போய்விட்டுத் திரும்பினேன். கடையில் லட்சுமி ஒருமாதிரி நின்றுகொண்டிருந்தாள். சாமுவேல் சார் வந்துவிட்டுப் போனார் என்றாள். முதுகுவலிக்குத் தைலம் வாங்கினாராம். கூடத்துக் கட்டில் குறுகலானது. அவர் உயரத்துக்குப் போதாது. முதுகு வலிக்கிறது என்று என்னிடம் அவர் சொன்னதே இல்லை.

தைலத்தை வாங்கிக்கொண்டு உடனே போகவில்லையாம். கண்ணாடிக்குள் இருந்த இருமல் மருந்துகளையெல்லாம் படித்துக்கொண்டு நின்றிருக்கிறார். பிறகு, விளையாட்டாகக் கேட்பதுபோல, வீட்டில் ஒருத்தருக்கு நம்மைப் பிடிக்காமல் போய்விட்டால் அதற்கு ஏதும் மருந்து உண்டா என்று கேட்டிருக்கிறார். நீ என்ன சொன்னாய் என்று லட்சுமியிடம் கேட்டேன். அவள் சேலை முந்தியைத் திருகிக்கொண்டு சொன்னாள்: "வெளையாட்டுக்குக் கேக்கிறாருன்னு நெனச்சு, 'கிரேஸ் அக்கா வரட்டும் சார், அவங்கதான் இந்தப் புருஷன்மாருக்கெல்லாம் வெவரமாச் சொல்லிக் குடுப்பாங்க'ன்னுட்டேன்க்கா. அவரு சிரிச்சுக்கிட்டே போயிட்டாருக்கா."

ஒரு மணி நேரம்

அன்று சாப்பிட்டபின் அவர் விடைத்தாள் திருத்த உட்கார்ந்தார். நான் கைப்பையிலிருந்து பெட்டிகளை எடுத்து மேஜையில் வைத்தேன். இதுவரை முன்பின் தெரியாதவர்களுக்குச் சொன்னதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். கடையில் தண்ணீர் மாதிரி வருகிற பேச்சு இங்கே வரவில்லை. திக்கித் திக்கிப் பாதி சொன்னேன். அவர் சிவப்புப் பேனாவை மூடிவைத்தார்.

"நீதான கையத் தட்டிவிட்ட."

"வேர்த்துச்சு."

"தெனமுமா?"

"தெனமும்தான்."

"அத அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"நீங்க ஒரு வார்த்த கேக்கலையே. தலையணையத் தூக்கிட்டுப் போயிட்டீங்க."

அவர் ஜெல் பெட்டியைக் கிட்டே இழுத்தார். பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளை எடுத்துப் பிரித்தார். விடைத்தாளைப் படிப்பது போலவே, ஒரு வரி விடாமல் விரல் வைத்துப் படித்தார். எச்சரிக்கை என்று போட்டிருந்த பத்தியை இரண்டு முறை படித்தார். உங்க அக்கா விஷயத்த டாக்டர்ட்ட சொன்னியா என்றார். சொன்னேன் என்றேன். அடுத்த தடவை நானும் வாரேன் என்றார். எம்புட்டு நாளில் கேட்கும் என்று கேட்டார். சில வாரம் ஆகும், எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது என்றேன்.

நான் ஜெல்லை எடுத்து இடது கையில், தோளுக்குக் கீழே தடவினேன். குளுகுளுவென்று இருந்தது. ரவிக்கைக் கையை இறக்கிவிடாமல் காய்வதற்காகக் காத்திருந்தேன். அவர் மறுபடியும் தாளைக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தடவுன எடத்த ஒரு மணி நேரம் வேற யாரும் தொடக் கூடாதுன்னு போட்டிருக்கு."

"ஆமா."

தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். எழுந்து கூடத்துக்குப் போனவர், தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு அறை வாசலில் வந்து நின்றார்.

"ஒரு மணி நேரம்தான? நான் முழிச்சிருக்கேன்."

ஊரார் வீட்டுப் புருஷன்மாருக்கு விவரம் சொல்வது எங்கள் தொழிலில் சுலபம்தான், ஏனென்றால் கேட்டுவிட்டு நம் வீட்டுச் சாவியோடு திரும்பி வருகிறவர் அவர்களில் ஒருவரும் இல்லை.