அக்கா தங்கை என்று சொல்லிப் பார்த்த வீடு

மெரின் டக்வெல் ஒரு வீட்டை எடைபோட வீட்டுக்குள் போக வேண்டியதில்லை. தெருமுனையில் காரை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பாள். யார் யாருக்குக் கை காட்டுகிறார்கள், பூங்காவில் ஊஞ்சலாட்டும் தாய் பக்கத்து ஊஞ்சல்காரியோடு பேசுகிறாளா, தேவாலய வாசலில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பாள். இறங்கி ஒரு நடை நடப்பாள். மனம் ஒப்பாது. வேறொரு தெருவுக்கு வண்டியைத் திருப்புவாள். ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகரத்துப் புறநகர்களை அந்த வசந்தகாலம் முழுக்க, சனிக்கிழமை தவறாமல், இப்படித்தான் உழுதுகொண்டிருந்தாள்.

ஓர் ஆணும் பெண்ணும் வீடு தேடினால் வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, பள்ளிக்கூடம் பக்கமா என்று பார்ப்பார்கள். இரண்டு பெண்கள் தேடினால் அதையெல்லாம் பார்த்த பிறகு எதிர்வீட்டுக்காரரின் கண்ணையும் பார்க்க வேண்டியிருக்கிறது. அப்படி என்ன குற்றம் செய்துவிட்டார்கள்? ஒருத்தியை ஒருத்தி விரும்பினார்கள், சட்டப்படி மணந்தார்கள், ஒரு குழந்தையை வளர்க்கிறார்கள். அந்தச் சட்டமும் லேசில் வந்ததில்லை. நாட்டில் உள்ள அத்தனை பேருக்கும் தபாலில் தாள் அனுப்பி, இவர்கள் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டார்கள். யார் கல்யாணத்துக்கு யார் சம்மதம்! ஆமாம் என்றவர்களே அதிகம், உண்மைதான். ஆனால் கூடாது என்று குறித்து உறையை ஒட்டியவர்களும் ஏதோ ஒரு தெருவில் குடியிருக்கத்தானே செய்கிறார்கள்? அது எந்தத் தெரு? மெரினின் மண்டையைக் குடைந்துகொண்டிருந்த கேள்வி அது.

அவள் மனைவி நைரி பேவாய் நியூசிலாந்தின் பூர்வகுடியான மாவோரிப் பெண். செவிலி. ஜீலாங் மருத்துவமனை ஒன்றில் நல்ல வேலை கிடைத்ததால் மில்டுரா என்ற ஊரிலிருந்து மூவரும் கிளம்பி வந்து, இப்போதைக்கு ஒரு கடைக்கு மேலே வாடகைக்கு இருந்தார்கள். மூன்றாவது ஆள் டூயி, ஐந்து வயது. கோடை விடுமுறை முடிந்ததும் அவள் பள்ளிக்கூடம் போக வேண்டும். அதற்குள் வீடு அமைய வேண்டும்.

மெரின் பேருந்து ஓட்டுபவள். கோதுமை விளையும் சிற்றூர் ஒன்றில் பிறந்தவள். அவளுடைய பத்தொன்பதாவது வயதில் ஊர்ப் பாதிரியார் அவள் தலையில் கை வைத்து, அவளுக்குள் இருந்த ஏதோ ஒன்றை வெளியேற்ற மூச்சிரைக்க ஜெபித்தார். பெற்றவர்கள் பக்கத்தில் கண்மூடி உட்கார்ந்திருந்தார்கள். வெளியேறியது மெரின்தான். பிறகு அவளும் காதலியும் இருந்த ஒரு வாடகை வீட்டில், தண்ணீர்க் குழாயைப் பார்க்க வந்த வீட்டுக்காரர் இருவருக்கும் ஒரே கட்டில் இருப்பதையும் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த மாதமே தன் மகன் குடிவரப்போகிறான் என்று காலி செய்யச் சொன்னார். அந்த மகன் கடைசிவரை வரவேயில்லை. அன்று முதல் 'போ' என்ற சொல் காதில் விழும் முன்னரே போய்விடுவது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. "உனக்குப் பெட்டி கட்டத்தான் தெரியும், அவுக்கத் தெரியாது" என்பாள் நைரி.

பெல் பார்க் பகுதியில் ஏலத்துக்கு வரவிருந்த அந்தச் செங்கல் வீட்டை நைரிதான் கண்டுபிடித்தாள். வண்டிகள் அதிகம் வராத தெரு. நடந்து போகும் தூரத்தில் பள்ளிக்கூடம். நடைபாதையில் இரண்டு பிள்ளைகள் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். நைரி அடுப்படிக்குள் போய் நின்றவள் வெளியே வரவில்லை. மெரின் டூயியின் கையைப் பிடித்தபடி வாசலிலேயே நின்று எதிர்வரிசையைப் பார்த்தாள். ஒரு தோட்டத்தில் மரியன்னை சிலை. கார்ச் சாவியைக் கையில் எடுத்தாள்.

வீட்டை விற்கும் முகவர், கூர்முனைச் செருப்பு போட்ட பையன், சிரித்துக்கொண்டே வந்தான். "ரெண்டு பேரும் சேர்ந்தா வாங்குறீங்க? ஃப்ரெண்ட்ஸா?"

"அக்கா தங்கச்சி" என்றது மெரினின் வாய்.

அவன் மெரினின் செம்பட்டை முடியையும் சிவப்புப் புள்ளி முகத்தையும் பார்த்தான். அடுப்படியில் நின்ற நைரியின் பழுப்பு நிறத்தையும் கறுத்து அடர்ந்த கூந்தலையும் பார்த்தான்.

"வேற வேற அப்பா" என்றாள் மெரின்.

காரில் ஏறியதும் நைரி விழுந்து விழுந்து சிரித்தாள். "எனக்கு எந்த அப்பாடி? உங்கப்பாவா எங்கப்பாவா? எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா கடல் தாண்டி வந்து உதைப்பார்." சிரிப்பு மெல்ல அடங்கியது. கடைசியில் கேட்டாள்: "நாம ஊரைச் சோதிக்கிறோம், ஊரைச் சோதிக்கிறோம்னு மூணு மாசமா அலையுறோமே, அவன் கேட்டது ஒரு சாதாரணக் கேள்வி. அதுல தேறாதது யாரு?"

மெரின் வண்டியைக் கிளப்பினாள்.

அடுத்த சனிக்கிழமை வீட்டை மறுபடி பார்க்கப் போனபோது, பக்கத்து வீட்டு வேலிக்கு மேலே ஒரு தலை எழும்பியது. டானிட்சா, குரோயேஷியாவிலிருந்து சிறுமியாக வந்தவள், அறுபதை நெருங்குபவள். முகவர் பையன் அவளிடம் எல்லாவற்றையும் ஒப்பித்திருந்தான்.

"நீங்கதான் அந்த அக்கா தங்கச்சியா? புருஷன் இல்லாம ஒரு பிள்ளையை ரெண்டு பேருமாச் சேர்ந்து வளக்கறீங்களாமே. இந்தக் காலத்துல யாரு, கண்ணு, இப்படி இருக்கா!" நைரியின் தோளை வேலிக்கு மேலாகவே தட்டினாள். "எனக்கு ஒரு தம்பி இருக்கான். ஸ்வோன்கோ. கூரை ஓடு போடுற வேலை. பொண்டாட்டி போய் நாலு வருஷம் ஆச்சு. குடிக்க மாட்டான். அதாவது, நிறையக் குடிக்க மாட்டான். ஏலத்தன்னிக்கு வரச் சொல்றேன், சும்மா பாரு."

நைரி திரும்பி மெரினைப் பார்த்தாள். பேச வேண்டியவள் நீதான் என்று சொன்ன பார்வை அது. மெரின் தன் செருப்பு நுனியை ஆராய்ந்தாள்.

"பாக்கலாம்" என்றாள் நைரி, பல்லைக் கடித்துக்கொண்டு.

அதைக்கூட மெரின் தாங்கியிருப்பாள். அன்று மாலை பூங்காவில் சறுக்குமரத்தின் உச்சியில் நின்ற டூயி கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை.

"மெர்-அம்மா, அந்த வீட்டுக்குப் போனா உன்னைப் பெரியம்மான்னு கூப்பிடணுமா?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நீதான் அந்த அண்ணன்கிட்ட அக்கான்னு சொன்னியே. ஸ்கூல்லயும் பெரியம்மாதானா, இல்ல அந்தத் தெருவுல மட்டுமா?"

பாதிரியாரின் கை தலையில் அழுந்தியபோதுகூட மெரின் இவ்வளவு கூனிப்போகவில்லை. அந்த ஆளாவது வெளியே இருந்து அழுத்தினார். இந்தப் பிள்ளையின் வாயில் பொய்யை ஊட்டியது அவளே.

"ஸ்கூல்ல நான் போன வாரமே போய் உள்ளதைச் சொல்லிட்டேன்" என்றாள் கூட வந்திருந்த நைரி. "அந்த டீச்சரம்மா கண்ணைக்கூடச் சிமிட்டல. 'அப்ப அன்னையர் தினத்துக்கு இவளுக்கு ரெண்டு அட்டை வெட்டி வைக்கணும்'னு எழுதிக்கிட்டாங்க. இதப் பாரு மெர், எனக்கு அந்த வீடு வேணும். ஆனா உன் தங்கச்சியா அதுக்குள்ள காலை வைக்க மாட்டேன். ஏலம் தொடங்குறதுக்குள்ள நீ சொல்லணும், நான் சொல்ல மாட்டேன். இல்லேன்னா அப்படியே கிளம்பிடலாம். கிளம்பத்தான் நமக்குக் கொள்ளைப் பழக்கமாச்சே."

ஏல நாளில் தெருவே வாசலுக்கு வந்திருந்தது. வாங்குகிறவர்கள் நாலு பேர் என்றால் வேடிக்கை பார்ப்பவர்கள் நாற்பது பேர். காபிக் குவளை, நாய், தள்ளுவண்டிக் குழந்தை, மடக்கு நாற்காலி. யார் வரப்போகிறார்கள் என்று பார்க்காமல் அங்கே யாருக்கும் சோறு இறங்காது. டானிட்சா நல்ல உடுப்பில் நின்றாள். ஒரு பக்கம் கணவர் ஸ்டீபே. இன்னொரு பக்கம் தேய்த்த சட்டைக்குள் நெளிந்தபடி ஒரு தடித்த மனிதர், தம்பிதான்.

மெரின் காரைப் பூட்டினாள், திறந்தாள், மறுபடி பூட்டினாள். இன்னொரு தரம் உள்ளே ஏறி உட்கார்ந்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும். வேறு புறநகர், வேறு சனிக்கிழமை. கால் அதற்குத்தான் துடித்தது. ஆனால் டூயி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாததால், காலையிலிருந்து ஒன்றுமே கூப்பிடாமல் இருந்தாள்.

மெரின் நேராக டானிட்சாவிடம் போனாள்.

"நான் உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன். இவ என் தங்கச்சி இல்ல, என் மனைவி. இது எங்க ரெண்டு பேரோட பொண்ணு."

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்டீபே சிலுவைக் குறி போட்டுக்கொண்டு தன் வீட்டுக்குத் திரும்பி நடந்தார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் மெரினுக்குத் தெரியாததல்ல.

தம்பி ஸ்வோன்கோதான் முதலில் வாய் திறந்தார். "அப்ப நான் இந்தக் கழுத்துப் பொத்தானைக் கழட்டலாமா?"

"நீ சும்மா இருடா!" டானிட்சாவின் முகம் சிவந்திருந்தது. "வேலியில நின்னு இவளுக்கு மாப்பிள்ளை பேசினேனே, என்னைப் பைத்தியக்காரின்னு நெனச்சுச் சிரிச்சீங்களா ரெண்டு பேரும்?"

"சிரிக்கல. பயந்தேன்" என்றாள் மெரின்.

"என்னைப் பார்த்தா? என் உயரம் என்ன, உன் உயரம் என்ன!" அவள் மூச்சு வாங்கினாள். "பொய்யைத்தான் என்னால பொறுக்க முடியாது. மத்தது… மத்ததை யோசிக்கணும்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? எங்க குடும்பம் எங்க வீட்டுக்குள்ள இருக்கப்போகுது" என்றாள் மெரின்.

"என் தலை, நான் யோசிப்பேன். அதுக்குமா உன்கிட்டக் கேக்கணும்?"

ஏலக்காரர் மணி அடித்தார். விலை ஏறியது. ஓர் இளம் தம்பதி விடாமல் மேலே ஏற்றியது. ஒவ்வொரு முறையும் மெரினின் கண் டானிட்சாவின் மூடிய கதவுக்குப் போய்த் திரும்பியது. தங்களுக்குத் தாங்கும் எல்லை வந்ததும் நைரி தாழ்ந்த குரலில் கேட்டாள்: "இதுதான் கடைசி. கை தூக்குறியா, காருக்குப் போலாமா? எதுன்னாலும் சரி, கோபப்பட மாட்டேன்."

மெரின் கையைத் தூக்கினாள். அதை நாற்பது பேரும் பார்த்தார்கள்.

ஒரு தரம். ரெண்டு தரம். இளம் தம்பதி ஒருவரையொருவர் பார்த்துப் போதும் என்று தலையாட்டிக்கொண்டது. மூணு தரம்.

வேடிக்கை பார்த்தவர்கள் வழக்கம்போலக் கை தட்டினார்கள், சிலர் பலமாக, சிலர் கடமைக்கு. "மெர்-அம்மா, நமக்கா?" என்று டூயி கத்திய கத்தல் தெருமுனைவரை கேட்டது. டானிட்சா தட்டவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு வந்து மெரினின் முன்னால் நின்றாள்.

"உன் வீட்டு பிளம் மரம் என் பக்கம் சாய்ஞ்சிருக்கு. பழம் விழுந்து என் சிமெண்டுத் தரையெல்லாம் கறை. முன்ன இருந்தவன்கிட்ட எட்டு வருஷமாச் சொல்லியும் காது கேக்கல. நீ வெட்டணும்."

மெரின் அந்த மரத்தைப் பார்த்தாள், பிறகு பக்கத்து வீட்டை. கதவு இன்னும் மூடித்தான் கிடந்தது. அது திறக்குமா என்று அவளுக்குத் தெரியாது.

"கிளையைக் கொஞ்சம் கழிச்சு விடுறேன்" என்றாள். "மரத்தை வெட்ட மாட்டேன்."

"பாக்கலாம்" என்றாள் டானிட்சா.

"எத்தனை வருஷம்னாலும் பாருங்க."