கதவைச் சாத்திக் காட்டுவீங்களா?

ஞாயிற்றுக்கிழமை ஆனால் குளிக்காமல்கூட ஈ.சி.ஆர். ரோட்டுக்குக் கிளம்பிவிடுகிற ஜென்மங்கள் சில உண்டு. நானும் என் கணவனும் அந்த ரகம். வாரம் முழுக்கச் சென்னையில் உறை போட்டுத் தூங்குகிற கோடி ரூபாய் வண்டிகளெல்லாம் அன்றைக்குத்தான் வெளியே வரும். கூட்டமாக மாமல்லபுரம் போய், கடலைப் பார்த்தபடி இட்லி வடை சாப்பிட்டுவிட்டு, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடும். கேளம்பாக்கத்தில் எங்கள் ஃபிளாட். அங்கிருந்து கோவளம் வந்து, வலது பக்கம் திரும்பிக் கொஞ்ச தூரம் போனால் ஓர் இளநீர்க் கடை. அதுதான் எங்கள் இடம்.

கணவனை 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. சிறுசேரி ஐ.டி. கம்பெனியில் ஒரே டீமில் சண்டை போட்டுச் சண்டை போட்டே கல்யாணம் வரை வந்தவர்கள் நாங்கள். வேடந்தாங்கல் பக்கம் அவனுக்கு ஊர். வாடா போடா என்று நான் பேசுவது மாமியாருக்குப் பிடிக்காது. என்ன செய்வது, பழக்கம் அப்படி.

கார் விஷயத்தில் எங்களுக்குள் ஒத்துப்போனதே இல்லை. நான் வெளிப்பக்கக் கட்சி. முன் விளக்கிலிருந்து பின் விளக்குவரை ஓடுகிற கோடு எப்படி ஏறி எப்படி இறங்குகிறது, பின் சக்கரத்துக்கு மேல் உடம்பு எப்படிப் புடைத்து நிற்கிறது என்பதில்தான் என் கண் போகும். ஒரு காரின் அழகு அது நம்மைத் தாண்டிப் போன பிறகுதான் தெரியும் என்பது என் கொள்கை. முகம் எல்லாக் காருக்கும் கோபமாகத்தான் இருக்கிறது.

அவன் உள்பக்கக் கட்சி. சீட்டில் தையல் நேராக ஓடுகிறதா, ஏ.சி. குமிழைத் திருகினால் விரலுக்கு இதமாக இருக்கிறதா, டேஷ்போர்டில் கட்டை வைத்திருக்கிறானா, கட்டை மாதிரி பிளாஸ்டிக் வைத்திருக்கிறானா என்று கண்ணாடியில் மூக்கு படாத குறையாகப் பார்ப்பான். புது வண்டிகளில் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை திரை வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "காரா, டி.வி. ஷோரூமா? கலர் கலரா லைட்டு வேற, ஆடி மாசத் திருவிழா மாதிரி" என்பேன்.

"நீ வெளிய நின்னுகினு பாக்குற. வெளிய கீறதெல்லாம் ஊருக்கு. உள்ள கீறதுதான் ஓனருக்கு" என்பான் அவன்.

கம்பெனிப் பெயர்களை நாங்கள் சொல்வதில்லை. எல்லாவற்றுக்கும் நாங்களே பெயர் வைத்திருந்தோம். உருண்டைக் கண்ணோடு தரையை ஒட்டி உட்கார்ந்திருப்பது தவளை. சிவப்பாக வந்து, ஊரையே திரும்பிப் பார்க்க வைத்து, வேகத்தடையில் மட்டும் தயங்கித் தயங்கி ஏறுவது கல்யாணப்பொண்ணு. நீளமாக, கனமாக, யாருக்கும் வழிவிடாமல் வருவது பெரிய மாமா.

இரு கட்சிக்கும் பொதுவாக ஒன்றே ஒன்று இருந்தது. கதவுச் சத்தம். அது வெளியும் இல்லை, உள்ளும் இல்லை. இளநீருக்கு நிற்கிற வண்டிக்காரர்களிடம் எல்லோரும் செல்ஃபி கேட்பார்கள். நாங்கள் போய், "சார், ஒரே ஒரு தடவை கதவைச் சாத்திக் காட்டுவீங்களா?" என்று கேட்போம். அவர்கள் முழிப்பார்கள், அப்புறம் சிரித்துக்கொண்டே சாத்திக் காட்டுவார்கள். நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்போம். தவளையின் கதவு கட்டைபோல வறட்டென்று விழும். பெரிய மாமாவின் கதவு சத்தமே போடாது, அரிசி மூட்டையை மெத்தைமேல் இறக்கி வைத்தாற்போல இருக்கும். நாளடைவில் பின்னால் திரும்பி நின்றுகொண்டே வண்டியைச் சொல்கிற அளவுக்குத் தேறிவிட்டோம்.

"இன்னாம்மா, நீங்க காரு வாங்கப் போறீங்களா, கதவு மட்டும் வாங்கப் போறீங்களா?" என்பார் இளநீர்க் கடைக்காரர்.

வாங்குகிற யோகம் நன்றாகத்தான் இருந்தது. எங்களிடம் இருந்தது கைமாறி வந்த சின்ன வண்டி. நான்தான் ஓட்டுவேன். அவன் உட்காரும் இடதுபக்கக் கதவு கொஞ்சம் தொங்கும், ஒரு தடவை சாத்தினால் பாதியில் மாட்டிக்கொண்டு நின்றுவிடும். கதவு சரியாகச் சாத்தவில்லை என்று டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். "இன்னொரு தடவை சாத்துடா" என்று நான் சொல்லாத ஞாயிற்றுக்கிழமை இல்லை. அவ்வளவு சொகுசுக் கதவுகளைக் கேட்டுவிட்டு அந்தத் தகர ஓசையைக் கேட்டால் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிடும்.

போன வருஷம் அவனை ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். கார் பைத்தியத்தைக் கார் பிறந்த ஊருக்கே அனுப்பினால் கேட்கவா வேண்டும்? ஒரு வருஷம்தான் என்று சொல்லிவிட்டுப் போனான். நீயும் வாயேன் என்று கூப்பிட்டான். அம்மா போன பிறகு அப்பா கல்பாக்கத்தில் தனியாக இருக்கிறார், எனக்கும் இங்கே வேலை இருக்கிறது. ஒரு வருஷம்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம் என்றேன். ஏர்போர்ட்டில் அவன் தள்ளுவண்டியோடு உள்ளே போவதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். தாண்டிப் போன பிறகுதான் அழகு தெரியும் என்ற என் கொள்கையை அன்றைக்கு நானே சபித்தேன்.

அங்கே ஷோரூமில் யாரும் ஒன்றும் சொல்வதில்லையாம். எந்த வண்டியிலும் ஏறி உட்காரலாம். சனிக்கிழமை போய், கதவைச் சாத்துகிற சத்தத்தைப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புவான். நான் ஞாயிற்றுக்கிழமை தனியாக இளநீர்க் கடைக்கு வந்து, போனைக் காதோடு வைத்துக் கேட்டு, பெயரைச் சொல்வேன். சரியென்றால் அவனுக்குப் பொறாமை, தப்பென்றால் ஒரே கும்மாளம். அந்தத் துளிச் சத்தத்துக்காக வாரம் முழுக்கக் காத்திருந்தேன் என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? சாத்துவதற்கு முன்னால் அவன் மூச்சு விடுவது கேட்கும். உண்மையில் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பேன்.

வருஷம் முடிகிற சமயத்தில், அங்கேயே நிரந்தரமாக இருக்கச் சொல்கிறார்கள் என்றான். "நீ என்ன சொன்ன?" என்று கேட்டேன். "யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லிகீறேன்" என்றான். அதற்கப்புறம் நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாமல்லபுரம் போன வண்டிகள் திரும்பி வர ஆரம்பித்திருந்தன. வழக்கம்போல அவன் அனுப்பிய சத்தத்தைக் கேட்டேன். கனம். நிதானம். கடைசியில் நாக்கு சப்புக்கொட்டுவதுபோல ஒரு சின்ன 'டக்'. கொஞ்சம் எதிரொலியும் இருந்தது. ஷோரூம் பெரியது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"பெரிய மாமா" என்று அனுப்பினேன். அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும். உடனே பதில் வந்தது. "இல்ல."

"பெரிய மாமாவோட தம்பி?"

"இல்ல. நல்லா கேளு."

மறுபடி கேட்டேன். போகிற வருகிற வண்டிச் சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன். என்னென்னவோ பெயர் சொல்லிப் பார்த்தேன், எதுவும் இல்லை. தோற்றுப்போய்விட்டேன் என்றதும் போன் செய்தான்.

"காரு இல்ல. வூட்டுக் கதவு. நேத்துதான் சாவி குட்த்தாங்க. உள்ள எல்லாம் கட்டைத் தரை. நம்ம ரெண்டு பேருக்குத் தாராளமா போதும்."

கடைக்காரர் வெட்டி வைத்த இளநீர் கையிலேயே இருந்தது. ஒரு வருஷமாகக் கேட்ட சத்தங்களெல்லாம் கார்தான் என்ற நம்பிக்கையில், என் புருஷன் இன்னொரு ஊரில் வீட்டுக் கதவைச் சாத்துகிற சத்தத்தைக் கேட்டு வண்டிப் பெயர் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. "நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

பிறகு எங்கள் வண்டிக்குப் போனேன். அவன் போன நாளிலிருந்து இடதுபக்கக் கதவை யாரும் திறந்ததில்லை. கைப்பிடியில் உப்புக்காற்றுப் பிசுபிசுப்பு. திறந்தேன். போனைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு ஒரு தடவை சாத்தினேன். பாதியில் மாட்டிக்கொண்டு நின்றது. அதை அப்படியே அனுப்பினேன்.

அவன் கேட்டுவிட்டான் என்று நீலக் குறி காட்டியது. அப்புறம் அவன் குரல் பதிவு ஒன்று வந்தது.

"இன்னொரு தடவ சாத்து."

நான் சாத்தவில்லை. கேளம்பாக்கம் வந்து சேரும்வரை அந்தச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே வந்தது.