கங்கை மூடிய நாட்கள்

நான் பூகோளம் படித்தது பள்ளிக்கூடத்தில் அல்ல, தோல் கட்டின் மேல் ஒட்டி வரும் சீட்டில். பெங்களூர் மர்பி டவுனில் இருக்கும் என் ஷூ கடைக்கு அடித்தோல் கான்பூரிலிருந்து வரும். ஆம்பூர்த் தோல் மேலுக்கு ஆகும். அடிக்குக் கனமான எருமைத் தோல் வேண்டும். கான்பூர் கங்கைக் கரை ஊர். வெள்ளைக்காரன் பட்டாளத்துக்குச் சேணமும் பூட்ஸும் வேண்டியிருந்தது, பக்கத்திலேயே ஆற்றுத் தண்ணீர் இருந்தது, தோல் தொழில் அங்கே உட்கார்ந்துகொண்டது. அந்தப் பட்டாளம் பெங்களூரிலும் தங்கியதால்தான் எங்கள் தெருவே முளைத்தது. நதிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் பார்த்துவிட்டேன், என் கடைமூலமும் அதுதான்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு டீச்சர். இடது கால் ஓர் அங்குலம் குட்டை. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு ரப்பர் அடுக்கு வைத்த ஷூ நான்தான் செய்வேன். தைக் கடைசியில் அவளுக்குக் கல்யாணம்.

"அங்கிள், இந்தத் தடவ ரப்பர் வேணாம், தோலு அடுக்கு வைங்க. சர்ச்சுல மொசைக் தரை. கீச்சு கீச்சுன்னு கத்தும், எல்லாரும் கீழ பாப்பாங்க. அன்னிக்கு ஒருநாளாச்சும் யாரும் என் கால பாக்கக் கூடாது."

"கங்கை வத்தினாலும் உன் ஷூ வரும்மா," என்றேன். வாய் இருக்கிறதே!

கங்கை வற்றவில்லை. கான்பூர் வியாபாரிக்குப் போன் போட்டால், பட்டறைகளை எல்லாம் மூடியிருக்கிறார்கள் என்றார். ஆற்றுப் போக்கில் கீழே பிரயாகையில் லட்சக்கணக்கில் ஜனங்கள் முழுக்குப் போடுகிற காலம். கான்பூர்த் தோல் கழிவுத் தண்ணீர் அங்கே போய்ச் சேரச் சில நாள் ஆகும் என்பதால், முழுக்கு நாளுக்கு முன்பே தோல் ஊறவைப்பதை நிறுத்திவிடுவார்கள். இது இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். மார்கழிக்கு முன்பே வாங்கி வைத்துவிடுவோம். இந்த வருஷம் நான் மறந்தேன். வேடிக்கை என்னவென்றால், அதே முழுக்குக்கு என் மனைவிக்கு ரயில் டிக்கெட் எடுத்ததும் நான்தான்.

அவள் அங்கிருந்து போன் செய்தாள். "இன்னாங்க, தண்ணி ஜில்லுனு இருக்குது. உங்க பேருக்கும் ஒரு முழுக்கு போட்டுட்டேன்."

"போட்டது போதும், கரையேறு. நீங்க குளிக்கணும்னுதான் அங்க தோல் பட்டறைய மூடிட்டான். டீச்சர் ஷூ அப்படியே நிக்குது."

போனில் அவளுக்குப் பின்னால் ஒரே இரைச்சல்.

"கல்யாணத்துக்கு எத்தினி நாளு?"

"ஒம்போது."

"நம்ம பொண்ணு கல்யாணத்துக்கு உங்களுக்குன்னு ஒரு ஜோடி ஷூ தெச்சீங்களே, கட்டிலுக்கு அடில கீது. அதுவும் கான்பூர் தோலுதானே? பிரிச்சிடுங்க."

"அது நான் ஆசையா..."

"கங்கையில முழுகினாலும் காக்கா அன்னமாவாது. நீங்க எந்த ஷூ போட்டாலும் அதே நடைதான்."

கட்டிலுக்கு அடியில் குனிந்து ஷூவை எடுத்தேன். இரண்டே தரம் போட்டது. இரட்டை அடி வைத்து, எனக்கு நானே கொடுத்துக்கொண்ட மரியாதை. தையலை ஒவ்வொன்றாக அறுத்தேன். இரண்டு ஷூவுக்கும் சேர்த்து நாலு அடுக்கு கிடைத்தது. தொட்டித் தண்ணீரில் ஊறவைத்து, சுத்தியால் தட்டி இறுக்கி, டீச்சர் கால் அளவுக்குச் சீவி அடுக்கினேன். குதிக்கு வேண்டியதை என் குதியிலிருந்தே எடுத்தேன். மேலே வெள்ளைத் தோல்.

கல்யாணத்தன்று சர்ச்சில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அவள் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். டக், டக், டக். இரண்டு காலுக்கும் ஒரே சத்தம், ஒரே இடைவெளி. எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். தரையைப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

வெளியே வந்து கை கொடுத்தபோது அவள் கண் கீழே போனது. "என்ன அங்கிள், ஊருக்கே ஷூ தெக்கிறவரு. என் கல்யாணத்துக்கு ஹவாய் செருப்பா?"

"தோல் இன்னும் வரலம்மா," என்றேன்.