செல்வராணி அக்கா கேட்கச் சொன்ன கேள்வி

போன வாரம் கஹவத்தையில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். மகளுக்கு நாள் நெருங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் பையில் என்னென்ன வேண்டும் என்று அவள் போனில் சொல்லச் சொல்ல, நான் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினேன். கடைக்கார நானா ஓடிக்கொலோன் வாசனைப் போத்தலைத் திறந்து, "நல்ல சாமான் தங்கச்சி, மணந்து பாருங்க" என்று நீட்டினார். மணந்து பார்த்தேன். அதற்குப் பிறகு மகள், "அம்மா, இருக்கீங்களா?" என்று போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். எனக்குக் காதில் விழவில்லை.

அந்த மணம் என்னை எங்கள் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுக்குக் கொண்டுபோய்விட்டது. வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. எனக்கு முதல் உத்தியோகம் அங்கேதான். உத்தியோகம் என்று பெரிதாகச் சொல்கிறேன். மூக்குத் துடைப்பதும் தொட்டில் ஆட்டுவதும்தான். மாதம் ஒரு தடவை அங்கேயே கர்ப்பிணிகளுக்குக் கிளினிக் நடக்கும். குசும் மிஸ்ஸி என்ற சிங்கள மருத்துவமாது வருவார். எங்கள் பெண்களின் உடுப்பில் ஊறிப்போயிருக்கும் ரப்பர் பாலின் புளித்த வாடை அவருக்கு ஒத்துக்கொள்ளாது. கைலேஞ்சியில் ஓடிக்கொலோன் தெளித்து மூக்கில் வைத்துக்கொள்வார். வைத்துக்கொண்டே, "கோவிச்சிக்க வேணாம், என்ட மூக்குதான் சரியில்ல" என்பார்.

அவருக்கு ஓரளவு தமிழ் வரும். வராத இடத்தில் அவருக்கும் பெண்களுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்ப்பது என் வேலை. பக்கத்துச் சிங்களக் கிராமத்துப் பிள்ளைகளோடு ஓடையில் குளித்துக் கற்ற சிங்களம் என்னுடையது. சண்டை பிடிக்க அருமையாக உதவும். மற்றதற்கு ஏதோ சமாளித்தேன்.

செல்வராணி அக்கா பால்வெட்டும் தொழிலாளி. கலியாணமாகிப் பல வருடம் கழித்துத்தான் வயிற்றில் பிள்ளை தங்கியது. பால் வெட்டி முடித்துக் கொடுத்துவிட்டு நேரே காம்பராவுக்கு வந்து, தொட்டில்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். "எது எதுக்கு அழுவுதுன்னு பாத்துப் படிச்சிக்கிறேன் தங்கச்சி" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

கடைசி மாதத்தில் ஒரு நாள் பிள்ளையின் அசைவு குறைந்ததுபோல அவளுக்குப் பட்டது. புருஷனைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவனுக்குத் தெரிந்தது கடையில் சாமான் வாங்கும் அளவுச் சிங்களம். வயிற்றில் ஏதோ கோளாறு என்றுதான் சொல்லத் தெரிந்தது. அங்கிருந்தவர்களுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் 'வலி'. வலியா என்று கேட்டார்கள். வலி இல்லை, ஆகவே இல்லை என்று தலையாட்டினாள். ஒரு கட்டிலில் படுக்கவைத்தார்கள். வெள்ளை உடுப்பு கடந்துபோகும் போதெல்லாம் வயிற்றைப் பிடித்துக் காட்டிச் சொல்லிப் பார்த்தாள். "பய வெண்ட எப்பா," பயப்படாதே என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. வார்டு நிறைந்து கிடந்தது, ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். கடைசியில் ஒருவர் வந்து வயிற்றில் குழாயை வைத்துப் பார்த்தபோது உள்ளே துடிப்பு இல்லை.

பெண் பிள்ளை. துணியில் சுற்றி எடுத்துப் போய்விட்டார்கள். பார்த்தால் தாங்கமாட்டாள் என்று இரக்கப்பட்டுத்தான் அப்படிச் செய்தார்கள் என்று நினைக்கிறேன்.

லயத்து வீட்டுக்குத் திரும்பி வந்தவள், முன்போலவே காம்பராவுக்கு வந்து உட்கார ஆரம்பித்தாள். சில தாய்மார் தங்கள் பிள்ளையின் தொட்டிலைக் கொஞ்சம் தள்ளிக் கட்டச் சொன்னார்கள், அவள் காதுபடவே. அவள் தானே எழுந்து கதவோரம் போய் உட்கார்ந்தாள்.

அடுத்த கிளினிக்கில் குசும் மிஸ்ஸி தராசை ஒதுக்கிவைத்துவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "என்ன நடந்திச்சின்னு எல்லாரும் எனக்கு சொன்னாங்க. நீங்க மட்டும் சொல்லல்ல. நீங்க சொல்லுங்க செல்வராணி."

அவள் சொன்னாள். மிஸ்ஸி அதோடு விடவில்லை. மறுமாதம் எங்கள் பகுதிக்குப் பொறுப்பான டாக்டரையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். காம்பராவில் பிள்ளைகள் உட்காரும் குட்டி வாங்கு மட்டும்தான் இருந்தது. நெடிய மனிதர், முழங்கால் இரண்டும் நெஞ்சில் முட்ட அதில் உட்கார்ந்தார். வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்போம்.

"நான் கொற சொல்ல வரலைங்க," என்று தொடங்கினாள் அக்கா. "வலிக்குதான்னு கேட்டாங்க. இல்லன்னேன். எனக்கு என்னான்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அது என் வயித்துலதானங்க இருந்துச்சு, எனக்குத் தெரியாதா?" கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள். "மொகத்தப் பாக்குறியான்னு ஒருத்தரும் கேக்கலைங்க. கறுப்பா செவப்பான்னுகூட எனக்குத் தெரியாது."

இதைச் சிங்களத்தில் சொல்ல வேண்டியவள் நான். வாய் திறந்தால் அழுகைதான் வந்தது. மிச்சத்தை மிஸ்ஸி சொல்லி முடித்தார். டாக்டர், "இனி நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள்" என்றார்.

அக்கா யோசிக்கவே இல்லை. "உள்ள வர்ற பொம்பளகிட்ட மொதல்ல, ஒனக்கு என்னா தோணுதுன்னு கேளுங்க. அவ பாஷையில கேளுங்க. மத்ததெல்லாம் பொறகு."

டாக்டர் யார் யாரிடமோ பேசினார். சில வாரங்களில் பிரசவ வார்டு வாசலில் ஒரு கதிரை போட்டார்கள். வாரத்தில் சில நாள் பால்வெட்டை முடித்துக்கொண்டு பஸ் ஏறிப்போய் அக்கா அதில் உட்காருவாள். தோட்டத்துப் பெண் யார் வந்தாலும் அந்தக் கேள்வியைக் கேட்பாள். பதிலை, என்னிடம் கேட்டுப் படித்துக்கொண்ட உடைந்த சிங்களத்தில் உள்ளே கொண்டுபோவாள். தலைச்சுற்று என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்த பெல்மதுளைப் பக்கத்துப் பெண் ஒருத்திக்குக் கண்ணும் மங்குகிறது என்பதைக் கேட்டு வாங்கியது அக்காதான். பிரஷர் ஏறியதற்கு அடையாளமாம் அது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். நர்ஸ்மார்கூட மெல்ல மெல்ல அந்தத் தமிழ்க் கேள்வியைப் பாடமாக்கிக்கொண்டார்கள். அவர்கள் வாயில் அது வேடிக்கையாகத்தான் ஒலிக்கும். ஆனால் படுத்திருப்பவளின் முகம் மாறிவிடும்.

பிள்ளை தவறிப்போன தாய்மாரிடமும் அவளைத்தான் அனுப்புவார்கள். "பாக்குறியாம்மா? பாக்கணும்னா நான் கூட நிக்கிறேன்" என்பாள். பார்க்க விரும்பியவளோடு நின்றாள். வேண்டாம் என்றவளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்படியான நாட்களில் தோட்டத்துக்குத் திரும்பி வந்தால் நேரே காம்பராவின் கதவோரம் போய் உட்கார்ந்துகொள்வாள்.

டாக்டருக்கு மாற்றம் வந்தது. அவருக்குப் பிறகு வந்தவர்கள் வெளியாட்கள் வார்டுப் பக்கம் இருக்கக்கூடாது என்றார்கள். ஒரு நாள் அவளை ஆஸ்பத்திரி வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அடுத்த வாரமும் போனாள். வாசலுக்கு வெளியே பஸ் தரிப்பில் உட்கார்ந்து, இறங்குகிற பெண்களிடம் அங்கேயே கேட்டுப் பார்த்தாள். கேட்டு என்ன, பதிலை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது? பிறகு போவதை நிறுத்திவிட்டாள். அவளுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை. சில வருடங்களில் புருஷன் இறந்துபோனான். அவளும் ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் படுத்தவள் எழும்பவில்லை.

இப்போது ஆஸ்பத்திரி பெரிய கட்டடம். மூன்று மொழியிலும் பலகை இருக்கிறது, வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளையைத் திரையில் காட்டுகிறார்கள். மகளோடு போகும்போது நானும் வாய்பிளந்து பார்க்கிறேன். திரையைப் பார்த்தே எல்லாம் எழுதிவிடுகிறார்கள். மகளிடம் கேட்க ஒன்றும் இருப்பதில்லை. தோட்டத்தில் ரப்பர் மரங்களைத் தறித்துவிட்டுக் கட்டுப்பொல் என்ற எண்ணெய்ப் பனையை நட்டுவிட்டார்கள். காம்பராவின் தகரங்களை யாரோ கழற்றிப் போய்விட்டார்கள். குசும் மிஸ்ஸி ஓய்வு பெற்று ஊருக்குப் போனவர், இருக்கிறாரோ என்னவோ.

ஒரு தடவை வார்டிலிருந்து திரும்பும் பஸ்ஸில் நானும் அக்காவோடு இருந்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அதுக்கு ஒரு பேரு வச்சிருந்தேன் தங்கச்சி. அவருகிட்டகூட சொல்லல" என்றாள். பிறகு சொன்னாள். தேவிகா. அந்தப் பிள்ளை இருந்ததற்கு ஒரு படமோ ஒரு பிடி மண்ணோ எங்கும் கிடையாது. பெயர் தெரிந்த ஆள் இப்போது நான் ஒருத்திதான்.