மூன்று முறை கூப்பிட்டார்கள்

மாடி வீட்டு டீச்சரம்மாவின் மகள் பாரிஸிலிருந்து வருகிறாள். நேற்று அந்தம்மா போனை என் மூக்குக்குக் கீழே நீட்டி, ஊர்ந்துகொண்டிருந்த குட்டி மஞ்சள் விமானம் ஒன்றைக் காட்டினார். உயரம், வேகம் எல்லாம் பக்கத்திலேயே ஓடுகிறது. யார் கேட்டு எழுதுகிறார்கள் என்றேன்.

"யாரும் கேக்க வேணாம் சார். அதுவே சொல்லிக்கிட்டே போவும்."

போன் சூடாகியிருந்தது. அந்தச் சூட்டு வாசனை இருக்கிறதே, அது என்னை அறுபத்திரண்டாம் வருஷத்துக்கு, கடற்கரையோரத்து ஒற்றை அறைக்கு இழுத்துப் போய்விட்டது. வால்வு ரேடியோ சூடேறித் தூசி கருகும் வாசனை. மதராஸிலிருந்து கொழும்பு போகும் விமானம் எங்கள் தலைக்கு மேல் வரும்போது விமானி கூப்பிடுவார்: இன்ன இடம், இன்ன உயரம், இன்ன நேரம். நான் அதைப் பிசகாமல் திருப்பிச் சொல்லி, எழுதி, அடுத்த நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் உத்தியோகம். நாள் முழுக்க நாலைந்து குரல்கள். ஒரு முகம் கிடையாது.

இந்தத் திருப்பிச் சொல்லும் வியாதி வீட்டுக்கும் வந்துவிட்டது. முதலியார்பேட்டை வீட்டில் நானும் தங்கை விமலாவும் மட்டும்தான். கத்திரிக்காய் அரை வீசை என்பாள். கத்திரிக்காய் அரை வீசை என்று நிற்பேன். "உன்னக் கட்டிக்கப்போறவ பாவம்ண்ணா" என்று சிரிப்பாள். அப்படி ஒருத்தி கடைசிவரை மாட்டவேயில்லை, பிழைத்தாள்.

விமலாவின் புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் ஊரை விட்டுப் போனபோது, அவளும் பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, பிரெஞ்சு தேசத்துக்கு அவனிடம் போகக் கிளம்பினாள். கொழும்பு வரை விமானம், அப்புறம் கப்பல். சொந்த மண்ணை விட்டுப் போகிறாயே என்று கத்தினேன். மண்ணாவது ஒன்றாவது! தனியாகிவிடுவேனே என்ற பயம்தான். பத்து நாள் பேசவில்லை. வழியனுப்ப மதராஸுக்கும் போகவில்லை, டியூட்டி என்றேன்.

அன்று விமலா ஏறிய விமானம் முன்னதாகவே வந்துவிட்டது. தலைக்கு மேல் இரைச்சல் கேட்டது. காதில் மாட்டியிருந்த கருவியின் வயர் வாசல்வரை எட்டாது. கழற்றிப் போட்டுவிட்டு மணலில் ஓடி, தோளில் கிடந்த துண்டை எடுத்து ஆட்டு ஆட்டென்று ஆட்டினேன். மீசை வைத்த ஆம்பிளை! மீன் கூடையோடு போன அம்மா ஒருத்தி நின்று வேடிக்கை பார்த்தாள். உள்ளே வந்தபோது விமானி அடுத்த நிலையத்தோடு பேசிக்கொண்டிருந்தார். ஏன் பதில் இல்லை என்று மேலதிகாரிகள் விளக்கம் கேட்டார்கள். கருவி பழுது என்று எழுதிக் கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து விமலாவின் கடிதம் வந்தது. என் அண்ணன்தான் கீழே கேட்டுக்கொண்டிருப்பார் என்று பணிப்பெண்ணிடம் சொல்லி, விமானியைக் கெஞ்சிக் கேட்டாளாம்.

"போய்ட்டு வரேன்னு சொல்லச் சொன்னேண்ணா. மூணு வாட்டி கூப்பிட்டாங்க. நீ பேசல. இன்னும் கோவமா?"

துண்டை ஆட்டினேன் என்று எழுதியிருக்கலாம். வெட்கம். அவளுக்கும் கருவி பழுது என்றே எழுதினேன். அவள் நம்பியிருக்க மாட்டாள். கடிதங்கள் குறைந்து, பொங்கலுக்கு ஒரு வாழ்த்து என்றாகி, பிறகு அதுவும் நின்றது. அந்த ஊர் மண்ணிலேயே அடங்கிவிட்டாள்.

கடற்கரை அறை இருந்த இடத்தில் இப்போது ஸ்கூட்டர் நிறுத்துகிறார்கள். விமானங்கள் என்னைப் போன்ற ஆளை நம்பி இல்லை, நல்லதுதான். டீச்சரம்மா உயரத்தையும் வேகத்தையும் வாசித்தார். என்னையறியாமல் திருப்பிச் சொன்னேன்.

"யாருக்கு சார் சொல்றீங்க?"

தங்கச்சிக்கு என்று வாய்வரை வந்தது. பழக்கதோஷம் என்று சொல்லிவிட்டேன்.